ஸ்காட்ச், பர்பன், ஐரிஷ், இந்திய மால்ட்: எல்லாம் ஒரே எரிச்சல்தானா?

கேள்வியின் சாரம் இது. சேலத்தில் இருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொடுத்த வகையில் ஒரு ஸ்காட்ச் சிங்கிள் மால்ட், ஒரு பர்பன் (அமெரிக்க விஸ்கி), ஒரு ஐரிஷ் என்று மூன்று விஸ்கி பாட்டில் சேர்ந்திருக்கிறது. கூடவே ஒரு இந்திய சிங்கிள் மால்ட்டும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். நண்பர்கள் நான்கு பேர் ஏற்காட்டில் ஒரு காட்டேஜில் இரண்டு நாள் தங்கப் போகிறீர்கள். லேபிளில் தேன், புகை, வெண்ணிலா என்றெல்லாம் போட்டிருக்கிறது, உங்களுக்கோ நான்குமே தொண்டை எரிச்சலாகத்தான் தெரிகிறது, இது நிஜமா வியாபாரப் பேச்சா என்று கேட்கிறீர்கள். எந்த பிராண்ட் சிறந்தது என்பதல்ல உங்கள் கேள்வி. வித்தியாசம் உண்டா, உண்டென்றால் எப்படிப் பிடிப்பது, அதற்கு இந்த விலை தகுமா என்பதுதான். வித்தியாசம் நிச்சயம் உண்டு. ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழக்கமில்லாதவர்களுக்கும் தெரியும். ஆனால் அது விலையோடு சேர்ந்து ஏறுகிற விஷயமில்லை.

முதலில் எரிச்சலை முடித்துவிடுவோம். அது சுவையே அல்ல. மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிகளைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. மூளைக்கு அது சூடு என்றே போய்ச் சேரும். அந்தச் சத்தத்தில் மற்ற வாசனைகள் அமுங்கிவிடுகின்றன. சேலத்தில் கோடையில் அறையே 34, 35 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் கிளாஸில் ஊற்றியதுமே ஆல்கஹால் ஆவி முன்னால் வந்து மூக்கில் அடிக்கும். சரி என்று ஐஸை நிரப்பினால் எரிச்சல் போகும், வாசனையும் கூடவே போய்விடும். விஸ்கி தன் வாசனையை ஒழுங்காகக் காட்டுவது சுமார் 18 முதல் 22 டிகிரிக்குள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சாயங்காலத்தில் ஒன்றும் செய்யாமலே அந்த வெப்பநிலை கிடைத்துவிடும். இடத்தை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். சேலம் வீட்டிலேயே பார்ப்பதென்றால் பாட்டிலைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம்.

இனி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது. ஊற்று நீர், மலைக்காற்று, பரம்பரை ரகசியம் என்று லேபிள் சொல்வதை ஓரமாக வையுங்கள். அந்தந்த நாட்டுச் சட்டமும் வரியும், கையில் கிடைத்த தானியமும் மரமும்தான் பெரும்பாலும் சுவையைத் தீர்மானித்திருக்கின்றன. ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்புப் பானை வாலையில் (காய்ச்சி வடிக்கும் பாத்திரம்) வடித்து, ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் வைத்தது. பீப்பாய் 700 லிட்டரைத் தாண்டக் கூடாது, பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முளைகட்டுவது நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்குவதைப் போன்றதுதான்: முளைவிடும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. இப்படி முளைகட்டிய தானியம்தான் 'மால்ட்'. 'சிங்கிள்' என்றால் ஒரே வடிசாலை என்று பொருள், ஒரே பீப்பாய் அல்ல. பாட்டிலில் 12 என்று இருந்தால் உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதற்கு 12 வயது.

ஐரிஷ் விஸ்கியின் தனிக்குணம் வரியால் வந்தது. 1785இல் முளைகட்டிய பார்லிக்கு வரி போட்டார்கள். வடிசாலைக்காரர்கள் வரியைக் குறைக்க முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்துக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அந்தக் கலவைதான் இன்று 'சிங்கிள் பாட் ஸ்டில்' (பாட் ஸ்டில் என்றால் பானை வாலை) என்று பெருமையாக விற்கப்படுகிறது. இரண்டு வகைப் பார்லியும் தலா 30 சதவீதமாவது இருக்க வேண்டும். பச்சைப் பார்லி நாக்கில் ஒரு எண்ணெய்ப் பசையையும், லேசான மிளகு காரத்தையும், ஆப்பிள்போல ஒரு பழ வாசனையையும் கொடுக்கும். ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் எல்லாம் இந்த வகை. ஐரிஷ் என்றாலே மூன்று முறை வடித்தது என்பார்கள். வழக்கம் அப்படித்தான், ஆனால் கட்டாயமில்லை, இரண்டே முறை வடிக்கும் ஐரிஷ் வடிசாலைகளும் உண்டு. உங்களிடம் இருப்பது சாதாரண ஐரிஷ் கலவை விஸ்கி என்றால் இந்தப் பாட் ஸ்டில் குணம் மெலிதாகத்தான் தெரியும், மென்மையும் இனிப்பும் முன்னால் நிற்கும்.

வாலையைப் பற்றிச் சுருக்கமாக. பானை வாலை தொகுதி தொகுதியாக வடிக்கும், தானிய வாசனையை நிறையவே மிச்சம் வைக்கும். தொடர்ந்து ஓடும் தூண் வாலை சுத்தமான, மெலிந்த சரக்கைக் கொடுக்கும். அதை 1830இல் காப்புரிமை பெற்றுப் பரவச் செய்த ஈனியஸ் காஃபி ஐரிஷ்காரர், கலால் அதிகாரியாக இருந்தவர். பெரிய ஐரிஷ் வடிசாலைகள் அதைச் சீண்டவில்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மலிவான தானிய விஸ்கியை மால்ட்டோடு கலந்து உலகச் சந்தையைப் பிடித்தார்கள். ஜானி வாக்கர், ஷிவாஸ் போன்ற கலவைகள் அந்த வழியில் வந்தவை.

பீப்பாய்க்கு வந்தால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. வடித்து இறங்கும்போது எல்லா விஸ்கியும் தண்ணீர் நிறம்தான். பர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் சொல்வது: தானியக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம், 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டாமல் வடிப்பு, பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உட்புறம் கரியாகச் சுட்ட புது ஓக் பீப்பாய். நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, அமெரிக்காவில் எங்கும் செய்யலாம். இதில் 'புது' என்ற நிபந்தனைதான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. சுடும்போது மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் உடைந்து வெண்ணிலா வாசனை தரும் வெனிலின் வருகிறது, மரச் சர்க்கரைகள் கருகிப் பாகு வாசனை வருகிறது. அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற பொருள் அதிகம், அது கொப்பரைத் தேங்காய் வாசனை. புது மரம் என்பதால் இவை அத்தனையும் முதல் ஆளாகப் பர்பனுக்குப் போய்விடுகின்றன. கரும்புப் பாகு, வெண்ணிலா, கொப்பரை, கொஞ்சம் கிராம்பு: பர்பனை முகர்ந்தால் முதலில் வருவது இதுதான். கலவையில் ரை என்ற தானியம் கூடுதலாக இருந்தால் மிளகு காரம் எட்டிப் பார்க்கும்.

ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் வைக்க முடியாது. அதனால் அந்த 200 லிட்டர் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும், இன்று பெங்களூருக்கும் கோவாவுக்கும்கூட, கப்பலேறுகின்றன. ஸ்காட்ச்சில் வெண்ணிலா இருந்தும் அடங்கித் தெரிவது இதனால்தான்: மரத்தின் வேகத்தைப் பர்பன் ஏற்கெனவே எடுத்துவிட்டது, தானியத்துக்கும் ஈஸ்ட்டுக்கும் பேச இடம் கிடைக்கிறது. இன்னொரு வகை ஷெர்ரி பீப்பாய். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் ஒரு காலத்தில் பீப்பாயோடு பிரிட்டனுக்கு வந்து இறங்கியது, காலிப் பீப்பாய் மலிவாகக் கிடைத்தது. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று ஆனதும் அந்த வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, ஷெர்ரி ஊற்றிச் சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகள் வரை பக்குவப்படுத்தி வாங்குகிறார்கள், செலவு பல மடங்கு. உலர் திராட்சை, பேரீச்சை, அத்தி, வால்நட் தோலின் துவர்ப்பு என்று வரும் விஸ்கிகள் இந்தப் பக்கத்தவை. அவற்றின் விலைக்கு ஒரு நியாயமான காரணம் இது.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்காட்ச்சில் சாதாரணக் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. 'சுவையில் எழுபது சதவீதம் பீப்பாய்தான்' என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. பீப்பாய் பெரும்பங்கு வகிக்கிறது என்பது உறுதி. ஆனால் மூன்றாம் முறை நிரப்பிய பழைய பீப்பாய்க்கும் புது ஓக்குக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

புகை தனிக் கதை. மரம் அதிகம் இல்லாத தீவுகளில், சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடக்கும் பீட் என்ற தாவர மண்ணை வெட்டி உலர்த்தி எரித்தார்கள். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் காயவைத்தால் ஃபீனால்கள் என்ற புகை வாசனைப் பொருட்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் இஸ்லே தீவைச் சேர்ந்த லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லாகவூலின் மூன்றும் இதற்குப் பேர்போனவை: ஈர விறகுப் புகை, டிஞ்சர், ஆஸ்பத்திரி வாசனை. முதல்முறை குடிப்பவர் முகம் சுளித்தால் அது குறையல்ல, எல்லோருக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பெருமையாகப் போடும் 35, 55 என்ற பிபிஎம் எண் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்பது) காய்ந்த தானியத்தில் அளந்தது. காய்ச்சி வடித்து வயதாகும்போது அது கணிசமாகக் குறைந்துவிடும், அதனால் எண்ணை வைத்துப் புகையை ஒப்பிட முடியாது. எல்லா ஸ்காட்ச்சும் புகை வகை அல்ல, ஸ்பேசைட் பக்கத்து விஸ்கிகளில் பெரும்பாலானவை புகையே இல்லாதவை. இஸ்லே விஸ்கியில் 'கடல் உப்பு' தெரிகிறது என்பதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அந்தச் சரக்கில் ஒரு பகுதி தீவை விட்டுப் போய் நிலப்பகுதிக் கிடங்குகளில்தான் வயதாகிறது.

ஜப்பான் விஸ்கி உங்களிடம் இல்லை என்றாலும், பின்னால் வாங்கும் எண்ணம் வரலாம் என்பதால் ஒரு எச்சரிக்கை. ஸ்காட்லாந்துக்குப் போய்த் தொழில் கற்றுவந்த மசடாகா டகேட்சுரு அமைத்துக் கொடுக்க, ஷின்ஜிரோ டோரி 1923இல் யமசாகி வடிசாலையைத் தொடங்கினார். டகேட்சுரு 1934இல் பிரிந்து யோய்ச்சியில் தன் வடிசாலையைத் தொடங்கினார், அது இன்றைய நிக்கா. தரம் உண்மை. ஆனால் நீண்ட காலம் வெளிநாட்டு விஸ்கியைக் கலந்து ஜப்பான் பெயரில் விற்கத் தடை இருக்கவில்லை. அங்குள்ள உற்பத்தியாளர் சங்கம் 2021இல் கொண்டுவந்து, 2024 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஜப்பானிலேயே காய்ச்சி வடித்து 3 ஆண்டுகள் வைத்து அங்கேயே அடைத்ததற்குத்தான் 'ஜப்பானிய விஸ்கி' என்ற பெயர். இது சங்க உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் விதி, சட்டம் அல்ல. பின்புற லேபிளைப் படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

இந்திய சிங்கிள் மால்ட்டை நீங்கள் கடைசி இடத்தில் வைத்து எழுதியிருந்தீர்கள். அதுதான் இந்த நான்கில் என்னை அதிகம் இழுப்பது. டாஸ்மாக்கில் விற்கும் பெரும்பாலான விஸ்கி வெல்லப்பாகு அல்லது தானிய ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தது. சிங்கிள் மால்ட் அந்த வகையே அல்ல. பெங்களூர் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதலில் அறிமுகப்படுத்தியது கிளாஸ்கோவில். பிறகு கோவாவின் பால் ஜான், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், ஹரியானாவின் இந்திரி என்று வரிசை நீண்டது. நம் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆவியாகும் இழப்பு ஸ்காட்லாந்தைவிடப் பல மடங்கு: அங்கே ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் பெங்களூரில் 10 சதவீதமும் அதற்கு மேலும். 200 லிட்டர் பீப்பாய் ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்து சுமார் 157 லிட்டராக இருக்கும், பெங்களூரில் 5 ஆண்டிலேயே 118க்கு வந்துவிடும். மரச்சாறு வேகமாக இறங்கும் என்பது உறுதி. 'இங்கே 5 வருடம் அங்கே 15 வருடத்துக்குச் சமம்' என்பது பாதி உண்மை: மெதுவாக நடக்கும் ஆக்சிஜன் மாற்றங்கள் வெயிலுக்காக அதே விகிதத்தில் வேகம் பிடிப்பதில்லை. சுவையில் பழுத்த மாம்பழம், அன்னாசி, தேன், மசாலா, பின்னால் ஓக் துவர்ப்பு.

இனி ஏற்காட்டில் செய்ய வேண்டியது. ஒருவருக்கு நான்கு கிளாஸ், வாய் குறுகியவை, சின்ன ஒயின் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாய் அகலம், வாசனை நிற்காது. ஒவ்வொன்றிலும் 15 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். 40 சதவீதத்தில் 15 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் ஆல்கஹால், நான்குக்கும் சேர்த்து 20 கிராம்தான், கடைசிக் கிளாஸ் வரை நாக்கு விழிப்போடு இருக்கும். வரிசை முக்கியம்: ஐரிஷ், பிறகு ஸ்காட்ச், பிறகு இந்திய மால்ட், கடைசியில் பர்பன். உங்கள் ஸ்காட்ச் புகை வகை என்றால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், புகைக்குப் பிறகு மெல்லிய எதுவும் எடுபடாது. தட்டுவடை செட்டும் காரச் சட்னியும் இதெல்லாம் முடிந்த பிறகுதான். வெறும் வயிறும் கூடாது, ஒரு மணி நேரம் முன்பு காரமில்லாமல் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை: சின்னக் கிண்ணங்களில் கிராம்பு, நசுக்கிய மிளகு, கொப்பரை, உலர் திராட்சை, ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு, கொஞ்சம் வெண்ணிலா எசென்ஸ் வைத்து ஒவ்வொன்றாக முகருங்கள். மிளகும் ஆரஞ்சும் பெரும்பாலும் ஏற்காட்டிலேயே கிடைக்கும். வாசனை தெரியாமல் போவது மூக்கின் குறையால் அல்ல, பெயர் நினைவுக்கு வராததால்தான், இந்தக் கிண்ணங்கள் பெயரை முன்னால் கொண்டுவந்து வைக்கும். நடுநடுவே காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு புதிதாகும் என்பார்கள். காபித் தோட்டத்து ஊரில் சொல்லத் தயக்கம்தான், ஆனால் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் காற்றைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. உங்கள் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும்.

கிளாஸை மோவாய் அருகே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகருங்கள், மூக்கை உள்ளே நுழைத்தால் எரியும். முதல் மடக்கு நாக்கை ஆல்கஹாலுக்குப் பழக்குவதற்கு மட்டும், அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். இரண்டாவது மடக்கை ஐந்தாறு விநாடி வாயில் சுழற்றி விழுங்கி மூக்கால் மூச்சு விடுங்கள், 'சுவை' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அப்போதுதான் வரும். பிறகு தண்ணீர். 15 மில்லிக்கு அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி விட்டால் 43 சதவீதம் 37க்கு இறங்கும். தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்த 60 சதவீதப் 'பீப்பாய் வலு' விஸ்கி என்றால் 15 மில்லிக்கு 7.5 மில்லி விட்டால்தான் 40க்கு வரும். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், வலு 45 சதவீதமும் அதற்குக் கீழும் இருக்கையில் புகை வாசனை தரும் குவையகால் மூலக்கூறு மேற்பரப்புக்கு வருவதாகக் காட்டினார்கள். அது கணினி மாதிரி, கிளாஸில் அளந்ததல்ல, ஆனாலும் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு முதலில் தெரியும். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம், குளிரவைத்து வடிகட்டாத விஸ்கிகளில் கொழுப்பமிலங்கள் அப்படிப் பிரியும், கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

விலைக்கு வருவோம். வயது, பீப்பாய், இறக்குமதி வரி, மாநில வரி, பெட்டி, அரிதாக இருப்பது, இவையெல்லாம் விலையை ஏற்றும், இவற்றில் முதல் இரண்டுதான் கிளாஸில் இருக்கிறது. 'ஸ்மூத்' என்று புகழ்வது பெரும்பாலும் வலு குறைவு, இனிப்பு கூடுதல் என்பதைத்தான். உங்கள் நாக்குக்கு விலை வித்தியாசம் தெரிகிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். இரண்டாம் நாள், விலை உயர்ந்ததையும் உங்கள் வழக்கமான பிராண்டையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் மறைவாக மூன்று கிளாஸில் ஊற்றட்டும், இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. தனியாக இருப்பது எது என்று மற்றவர்கள் பேசிக்கொள்ளாமல் எழுத வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால் ஒருமுறை சரியானால் போதாது, நான்கைந்து தடவையாவது செய்யுங்கள், 5 மில்லி ஊற்றினால் போதும். வேறுபாட்டைக் கண்டுபிடித்த பிறகு எது பிடித்தது என்று கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகள், முதலாவதற்கு ஆம் என்றவர்கள் இரண்டாவதில் மலிவானதைக் காட்டுவது சகஜம்.

பாட்டிலைச் சேமிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒயின்போலப் படுக்கவைக்கக் கூடாது, வலுவான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிற்க வைத்து, வெயில் படாத, மொட்டைமாடிச் சூடு இறங்காத அலமாரியில் வையுங்கள், மேல்மாடி லாஃப்ட் சேலத்தில் மிக மோசமான இடம். பாட்டிலில் விஸ்கிக்கு வயது கூடாது, திறக்காமல் பத்து ஆண்டு வைத்தாலும் 12 வயது 12தான். திறந்த பாட்டில் பாதிக்கு மேல் இருந்தால் ஓராண்டு வரை பெரிய மாற்றம் தெரியாது. கால் பாகத்துக்குக் கீழே போனால் உள்ளே நிற்கும் காற்று சில மாதத்தில் வாசனையை மங்கடிக்கும். மிச்சத்தைச் சுத்தமான 180 மில்லி குவார்ட்டர் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். காட்டேஜுக்குப் பாட்டில்களை எடுத்துப் போகும்போது கார்க்கைச் சுற்றி டேப் ஒட்டி நிமிர்த்தியே வையுங்கள், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் டிக்கியில் உருண்டால் கசியும். கிளாஸ் வைத்த இரவில் யாரும் சாவியைத் தொட வேண்டாம், கீழே இறங்குவது மறுநாள் மதியம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.